ஐப்பசியில் கோடியக்கரை: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

கோடியக்கரைச் சதுப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "பறவை பார்க்க மார்கழி வரை காத்திருக்காதீர்கள், ஐப்பசி பிறந்ததுமே வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். அதை ஒட்டி நிறையக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலரும் கேட்டிருந்ததை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

போன வருடம் அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு காரில் வந்தோம். பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சேறும், பழுப்பு நிறத்தில் வெறும் குட்டிப் பறவைகளும்தான். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எப்போது வந்தால் பூநாரை பார்க்கலாம்?
– ஒரு வாசகர், கோவை

பூநாரைதான் வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். மழை ஓய்ந்து, சதுப்பில் தண்ணீர் பரந்து நிற்கும்போது கூட்டமாக இறங்கும். ஐப்பசியில் சில வருடம் வரும், சில வருடம் வராது.

ஆனால் "வெறும் குட்டிப் பறவைகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பார்த்ததில் பாதிக்கு மேல் கொசு உள்ளானாக இருக்கும். எடை 25 கிராம் பக்கம், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற இடம் ஆர்க்டிக்கின் ஓரம், சைபீரியாவின் வடகோடி. அங்கே ஜூன் மாதம் கூடு கட்டி, பனி திரும்ப இறங்குவதற்குள் கிளம்பி, மத்திய ஆசியாவைக் கடந்து, காவிரி கடலைத் தொடும் நம் கடைமடைக்கு வந்து சேருகிறது. பயணத்தில் கரைந்த கொழுப்பை மறுபடி சேர்க்கத்தான் அந்தச் சேற்றில் ஓயாமல் குத்திக்கொண்டிருந்தது.

ஏன் ஐப்பசி என்று கேட்டால், தண்ணீரின் ஆழம்தான் காரணம். கோடியக்கரையில் எது எங்கே நிற்கும், எது எப்போது வரும் என்பதையெல்லாம் தண்ணீரின் ஆழம் தீர்மானிக்கிறது. கோடை முழுக்கச் சதுப்பின் பெரும்பகுதி வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும். முதல் மழை விழுந்ததும் அந்தத் தரை ஈரமாகும், ஆனால் மூழ்காது. சேற்றுக்குள் புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவமும் பெருகும். விரல் நீளக் காலை வைத்துக்கொண்டு கொசு உள்ளான் மேயக்கூடிய இடம் இந்த ஈரச் சேறுதான். அதற்கு அடுத்து, கணுக்கால் ஆழத்தில் பவளக்கால் உள்ளான். இன்னும் உள்ளே நெடுங்கால் உள்ளானும் மூக்கனும். பூநாரை இவற்றையெல்லாம் தாண்டி முழங்கால் ஆழத்தில்கூட நின்று, தலையைக் கவிழ்த்து, தண்ணீரை அலகுக்குள் இழுத்து, அரிசி களைந்து கல் அரிப்பதுபோல் சிற்றுயிர்களைப் பிரித்தெடுத்துத் தின்னும்.

கார்த்திகையில் கனமழை பிடித்துக்கொண்டால் நடுச்சதுப்பில் சேறு மறைந்துவிடும். சிறு பறவைகள் ஓரங்களுக்கும் வரப்புகளுக்கும் ஒதுங்கும், அல்லது வேறு இடம் போய்விடும். அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவர் சொல்வார்: "தண்ணி கணுக்காலுக்கு மேல போயிடுச்சுன்னா உள்ளான் எல்லாம் வரப்புக்கு வந்துரும் டீச்சர். அப்புறம் உள்ள போய்த் தேடுறது வீண்." ஆக, முதல் மழைக்கும் பெருமழைக்கும் நடுவே உள்ள நாட்கள்தான் உள்ளான்களின் காலம். உங்கள் பிள்ளைகள் நல்ல சமயத்தில்தான் வந்திருக்கிறார்கள். அடுத்த முறை 8-க்கு 42 பைனாகுலர் ஒன்று கையில் இருக்கட்டும். விடியற்காலையில் கிழக்கே முதுகைக் காட்டிச் சதுப்பைப் பார்த்து உட்காருங்கள். வெயில் பறவையின் மேல் விழும்போது, பழுப்பு என்று எழுதினீர்களே, அதற்குள் எத்தனை நிறம் என்று தெரியும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்து வர நினைக்கிறேன். பறவைகளின் பெயர் எனக்கே சரியாகத் தெரியாது. பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?
– ஓர் ஆசிரியை, மன்னார்குடி

உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்: பெயரில் ஆரம்பிக்காதீர்கள் அம்மா. முதல் ஒரு மணி நேரம் பெயர் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, தாளின் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அதுதான் தண்ணீரின் மட்டம். எந்தப் பறவை கோட்டுக்கு மேலே சேற்றில் நிற்கிறது, எதன் கால் பாதி முங்கியிருக்கிறது, எதன் வயிறே தண்ணீரைத் தொடுகிறது என்று வரைய வேண்டும். கால் நீளமும் அலகு நீளமும் மட்டும் ஓரளவு சரியாக வந்தால் போதும். முடித்ததும் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், இத்தனை வகைப் பறவைகள் ஒரே சேற்றில் சண்டையில்லாமல் எப்படி வயிறு வளர்க்கின்றன என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் காட்டுங்கள். உள்ளான் சாப்பிடும் விதமும் உப்புக்கொத்தி சாப்பிடும் விதமும் வேறு. உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து. மறுபடி ஓடும். உள்ளான் அப்படியில்லை. தலையைக் குனிந்தபடியே நடந்து, அலகைச் சேற்றுக்குள் விட்டு விட்டு எடுக்கும். "டீச்சர், இது பார்க்காமலே சாப்பிடுது" என்று என் மாணவி ஒருத்தி அங்கே வைத்துச் சொன்னாள். ரொம்பச் சரி. உள்ளானின் அலகு நுனியில் தொடு உணர்ச்சி மிகுதி. சேற்றுக்குள் அசைகிற புழுவை அது தொட்டே அறிகிறது. அதனால்தான் பல உள்ளான்களால் இரவிலும் மேய முடிகிறது.

பறவைகள் நகர்ந்துபோன பிறகு அந்த இடத்தின் ஓரமாகப் போய்க் குனிந்து பாருங்கள். முன்னோக்கி மூன்று விரல் பதிந்த சின்னச் சின்னத் தடங்கள். தடத்தை ஒட்டி இரண்டு பக்கமும் ஊசி குத்தியதுபோல் துளைகள். துளையில் மெல்லத் தண்ணீர் ஊறி நிறையும். அந்தக் கொஞ்ச தூரத்தில் எத்தனை துளை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அந்தப் பறவை எவ்வளவு உழைக்கிறது என்பது மனதில் நின்றுவிடும்.

எல்லாரையும் ஒரே சமயத்தில் கரைக்குக் கூட்டிப் போகாதீர்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒரு குழு சதுப்பில் இருக்கும்போது மற்றவர்கள் காட்டுப் பக்கம் போய்ப் பாலை மரங்களைப் பார்க்கலாம், இராமர் பாதம் மேட்டில் ஏறலாம். ஆள் நிற்பதைக் கண்டால் எழுந்து பறக்கும் பறவை, ஆள் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரும். வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள்.

பறவைகள் மொத்தமாக எழுந்து பறக்கும் படம் எடுக்க ஆசை. டிரோன் கொண்டு வரலாமா? இல்லாவிட்டால் கை தட்டினால் எழும்புமா?
– ஒரு வாசகர், சென்னை

இரண்டும் கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் டிரோன் விடுவது குற்றம். கை தட்டுவது அதைவிடச் சாதாரணம் என்று நினைக்காதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இறங்கியிருக்கிற பறவை, காலையெல்லாம் குத்திச் சேர்த்த கொழுப்பை உங்கள் ஒரு படத்துக்காகச் செலவழிக்க வேண்டியிருக்கும். வானத்தில் ஒரு பருந்தோ வல்லூறோ வந்தால் கூட்டம் தானே எழும்பும். அதுவரை காத்திருங்கள்.

வீட்டு முற்றத்தில் ஒரு காலை பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த வால் குட்டையான குருவி ஒன்று மயங்கிக் கிடந்தது. தண்ணீர் புகட்டினோம், மதியத்துக்குள் இறந்துவிட்டது. என்ன பறவை அது? என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, முதுகு பச்சை, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு இருந்ததா? அப்படியானால் அது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வரும். கொஞ்சம் தென்னிந்தியக் காடுகளில் தங்கும், கொஞ்சம் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும். பயணம் இரவில்தான். களைத்துப்போய், வெளிச்சத்தில் திசை தடுமாறி, கண்ணாடியிலோ சுவரிலோ மோதிவிடுகிறது. நம் டெல்டா மாவட்டங்களில் இந்த மாதங்களில் இப்படிக் கீழே கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கோடியக்கரைக் காடு அதற்குக் கடலுக்கு முந்தைய கடைசி நிழல். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்கு அதன் இரட்டை விசில் அங்கே கேட்கும்.

உங்கள் கை மேல் தப்பு எதுவும் இல்லை, மோதிய அடி உள்ளே பலமாகப் பட்டிருக்கலாம். இனி இப்படி ஒன்று கிடைத்தால், துளை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய துணி விரித்து உள்ளே விட்டு மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் வேண்டாம், அது பூச்சி தின்னும் பறவை. அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். ஓரிரு மணி நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம் கேட்டால் புதர் உள்ள இடத்தில் தரையோடு பெட்டியைச் சாய்த்துத் திறந்துவிடுங்கள். தேறாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: இந்த இரண்டு மாதமும் மாடி விளக்கு, முற்றத்து விளக்கை ராத்திரி முழுக்க எரிய விடாதீர்கள்.

நான் வேதாரண்யத்துக்காரன், வேலை சிங்கப்பூரில். இங்கே சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் செப்டம்பரில் பவளக்கால் உள்ளான்களைப் பார்க்கிறேன். ஊருக்கு வந்தால் அங்கேயும் அவையே இருக்கின்றன. இங்கே வந்துவிட்டுத்தான் அங்கே போகின்றனவா? குஞ்சுகளைப் பெற்றோர் கூட்டி வருமா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

இனம் ஒன்று, பாதை வேறு. கோடியக்கரை மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இருக்கிறது. சுங்கை பூலோ இருப்பது கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போகும் பாதையில். பாதைகள் ஓரங்களில் ஒன்றோடொன்று கலக்கும் என்றாலும், உங்கள் ஊரில் நிற்பதும் நீங்கள் அங்கே பார்ப்பதும் பெரும்பாலும் வெவ்வேறு கூட்டம்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டி வராது. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியத் தரைக்கூட்டில் பெட்டை அடைகாக்கும்போதே ஆண் தெற்கே கிளம்பிவிடும். குஞ்சு வளர்ந்ததும் தாயும் கிளம்பும். கடைசியில் குஞ்சுகள், பிறந்து சில வாரமே ஆனவை, அந்த வழியில் அதற்கு முன் ஒருமுறைகூடப் பறக்காதவை, வயதான பறவையின் துணையில்லாமல் புறப்படுகின்றன. ஆடி, ஆவணியில் கோடியக்கரைக்கு வருவன பெரியவை. இனப்பெருக்க காலத்துச் செங்கல் சிவப்பு அவற்றின் மார்பில் திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டியிருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் வருவனவற்றில் இளையவை அதிகம். முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய ஓரம் இருப்பதால் செதில் செதிலாகத் தெரியும், மார்பில் இளஞ்சந்தன நிறம் பூசியிருக்கும். இந்த அடையாளம் ஒன்று தெரிந்தால் போதும், நீங்கள் பார்க்கும் பறவைக்கு இதுதான் முதல் பயணம் என்று சொல்லிவிடலாம். எத்தனை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

எங்கள் ஊரில் வலை போட்டுப் பிடித்த பறவைகளில் ஒன்றின் காலில் அலுமினிய வளையம் இருந்தது. அதை என்ன செய்வது? போலீஸ் வம்பு வருமா?
– ஓர் இளைஞர், வேதாரண்யம் அருகே

வளையத்தில் ஓர் எண் இருக்கும், எங்கே தெரிவிக்க வேண்டும் என்றும் பொறித்திருக்கும். நம் பக்கம் வளையம் போடுவது பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி காலத்திலிருந்தே கோடியக்கரையில் அவர்கள் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். எண்ணைத் தெளிவாகப் படமெடுத்து, தேதி, இடம், பறவை உயிரோடு இருந்ததா என்ற விவரத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். காலில் வண்ணக் கொடி இருந்தால் அதன் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலேயா கீழேயா, எழுத்து என்ன என்பதையும் குறியுங்கள். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றாதீர்கள். தகவல் தருகிறவர் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தம்பி, வலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். டெல்டா சாலைகளில் மடையானும் உள்ளானும் கட்டுக் கட்டாகக் கறிக்கு விற்பது புதிதில்லை. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பிடிக்கிறவர் பெரும்பாலும் ஏழை, வண்டியை நிறுத்தி வாங்குகிறவர் ஏழையில்லை. என் கோபமெல்லாம் வாங்குகிறவர் மேல்தான். சைபீரியாவிலிருந்து வந்த 25 கிராம் உயிரில் ஒரு வாய்க்குக்கூடக் கறி இருக்காது. உங்கள் நண்பர்கள் யாராவது வாங்கினால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பறவைக்காரர்கள் எல்லாரும் உப்பளத்தைக் குறை சொல்கிறார்கள். என் அப்பா உப்பளத் தொழிலாளி. எங்கள் பாத்திப் பக்கமும் பறவைகள் நிற்கத்தான் செய்கின்றன. உப்பளம் பறவைக்கு எதிரியா?
– ஒரு கல்லூரி மாணவி, அகஸ்தியம்பள்ளி

1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் உங்கள் ஊர். அந்தத் தொழிலை எதிரி என்று நான் சொல்ல மாட்டேன்.

உப்பளத்தில் எல்லா இடமும் ஒன்றில்லை. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய தேக்கத்தில் உப்பு குறைவு, மீனும் இறாலும் இருக்கும், பறவை வரும். அடுத்தடுத்த கட்டங்களில் நீர் சுண்டச் சுண்ட மீன் அற்றுப்போய், உப்பு தாங்கும் சிற்றுயிர்கள் மட்டும் மிஞ்சும். அதுவும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் சாப்பாடு. கடைசியாக உப்பு விளையும் பாத்தியில் உணவு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, அங்கே நிற்கும் பறவை ஓய்வுக்கு நிற்கிறது. நடுச்சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்ட நாட்களில் உங்கள் வரப்புகள்தான் சிறு பறவைகளுக்குக் கால் வைக்க இடம். அதனால் நீங்கள் பார்த்தது உண்மை.

தொல்லை எங்கே என்றால், சதுப்பைக் குறுக்கே அடைத்துப் பெரிய கரைகள் எழும்பும்போது. மழைநீரும் காவிரிக் கடைமடையின் வடிநீரும் முன்பு தடையில்லாமல் பரவி, ஒரு பக்கம் விரல் ஆழம், ஒரு பக்கம் முழங்கால் ஆழம் என்று பல மட்டமாக நின்ற இடம் இது. கரை போட்டால் ஒரு பக்கம் குளமாகத் தேங்கும், மறுபக்கம் காய்ந்து கிடக்கும். அந்த நடுத்தர ஆழங்கள் போய்விடும். ஐந்து விதமான கால் நீளத்துக்கு ஐந்து விதமான ஆழம் வேண்டுமில்லையா? 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது கோடியக்கரைக் காட்டோடு நிறுத்தாமல், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி வரை 38,500 ஹெக்டேரை ஒரே ஈரநிலமாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் அத்தனை இடத்தையும் சேர்த்துத்தான் ஓடுகிறது. மழைக்கு முன்பே மதகுகளையும் வடிகால்களையும் தூர்வாரி வைத்தால் வயலுக்கும் நல்லது, சதுப்புக்கும் நல்லது. எங்கள் ஊர் விவசாயிகள் வருடா வருடம் கேட்பதும் இதைத்தான். உங்கள் அப்பாவைப்போல வாழ்நாளெல்லாம் இந்தத் தண்ணீரைப் பார்த்தவர்களிடம் எந்தப் பக்கம் எப்போது எவ்வளவு நிற்கும் என்று கேட்டு எழுதி வையுங்கள் அம்மா. அந்தக் குறிப்பு எங்களைப்போன்ற பறவைக்காரர்களுக்கு வேண்டும்.

வெளிமான் பார்க்க முடியுமா? கஜா புயலில் எல்லாம் அழிந்துவிட்டதாகச் சொன்னார்களே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பார்க்கலாம். 1967-ல் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தபோது காட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன, மான்களும் அங்கே திரியும் மட்டக் குதிரைகளும் செத்தன. ஆனால் அழிந்துவிடவில்லை. காலை வெயில் ஏறுவதற்குள் புல்வெளிப் பக்கம் பாருங்கள். முறுக்குக் கொம்பும் கருமுதுகுமாக இருப்பது ஆண். கொம்பில்லாமல் வெளிர் பழுப்பாக இருப்பது பெண். வண்டியை விட்டு இறங்கித் துரத்தாதீர்கள், தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும்.

ரயிலில் வர முடியுமா? என்னென்ன கொண்டு வர வேண்டும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

முடியும். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை 2023-ல் திறந்துவிட்டது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் வேதாரண்யம் வரை பஸ், அங்கிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ். விடியற்காலையில் சதுப்பில் இருக்க வேண்டுமென்றால் முதல்நாளே வேதாரண்யத்தில் தங்கிவிடுவது நல்லது.

குடிதண்ணீர், தொப்பி, மழைக்கோட்டு. குடை வேண்டாம், கடற்காற்றில் நிற்காது, பறவையும் மிரளும். சேற்றில் ஒட்டாத பழைய செருப்பு. சாப்பாட்டைப் பாத்திரத்தில் கட்டி வாருங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைக் கேளுங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். வந்து சேர்ந்ததும் வனத்துறைச் சோதனைச் சாவடியில், இன்றைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.